பழைய லயம்: இடிப்பதா, வைப்பதா?

(பொன்விழாவையொட்டி கோலா தெர்லாவில் நடைபெற்ற குடும்ப ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





இந்தத் தலைப்பை நானாகத் தேர்ந்தெடுக்கவில்லை. மலருக்குப் பழைய படங்கள் சேகரித்தபோது குழுவில் எழுந்த வாக்குவாதம் இது. வந்த படங்களில் பாதிக்கு மேல் பின்னணியில் தோட்டத்து லயம் தெரிகிறது. பெருநாள் உடுப்போடு நிற்கும் பிள்ளைகள், ரொட்டிப் பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிள், கடன் வசூலிக்கப் போன பெரியவர், எல்லோருக்கும் பின்னால் அதே நீளமான பலகைச் சுவர், அதே தகரக் கூரை. "இந்த லயமெல்லாம் இப்போது இருக்கிறதா?" என்று ஒருவர் கேட்டார். "அங்கொன்றும் இங்கொன்றும் இருக்கிறது, அதையும் இடித்துவிடுவார்கள்" என்றார் மற்றொருவர். ஒன்றையாவது காப்பாற்றச் சங்கம் குரல் கொடுக்க வேண்டும் என்றது ஒரு தரப்பு. கம்பெனி கட்டியது, கம்பெனி இடிக்கிறது, நம்மவர்கள் பெரும்பாலும் அதில் குடியிருந்தவர்கள்கூட இல்லை, கடைக்காரர்கள், நமக்கு எதற்கு இந்த வேலை என்றது மறுதரப்பு. நான் ஈப்போ உங்கு ஓமார் பொலிடெக்னிக்கில் சிவில் டிப்ளோமா படித்துவிட்டு இப்போது ஆணியும் தகரமும் விற்கிறவன். கட்டடம் பற்றிய பேச்சு என்றதும் என் தலையில் கட்டிவிட்டார்கள்.

லயத்தைப் பார்த்திராத பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தின் 'லைன்'தான் நம் வாயில் லயம் ஆயிற்று. ஒரே கூரையின் கீழ் பத்து, பன்னிரண்டு வாசல். வாசலுக்கு ஓர் அறை, பத்தடிக்குப் பன்னிரண்டு அடி என்பது கணக்கு. முன்னால் ஒடுங்கிய நடை, பின்னால் குசினி. சில தோட்டங்களில் இரண்டு வரிசையை முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிவிடுவார்கள், பின்சுவரில் சன்னல் வைக்க இடமிருக்காது. அறைக்கும் அறைக்கும் நடுவில் உள்ள பலகைத் தடுப்பு கூரைவரை போகாது. ஒரு வீட்டில் குழந்தை இருமினால் மூன்றாவது வீட்டில் எழுந்து உட்காருவார்கள். தண்ணீருக்கு வரிசைக்கு ஒரு குழாய்.

பகாங் உட்பட்ட அன்றைய மலாய் ஐக்கிய மாநிலங்களில் 1923-இல் தொழிலாளர் சட்டத்தொகுப்பு வந்தது. தொழிலாளிக்கு வீடு கொடுக்கும் பொறுப்பு தோட்ட முதலாளிக்கு இருந்தது. அதனால் வீடு வேலையோடு ஒட்டிக்கொண்டது. பெரட்டுக்குப் பேர் கொடுக்கும்வரை வீடு உண்டு. வேலை முடிந்தால், ஓய்வு பெற்றால், சாவியைக் கொடுத்துவிட்டு இறங்க வேண்டும். முப்பது வருடம் வாழ்ந்த வீட்டில் ஒரு பலகைகூடச் சொந்தம் இல்லை. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நம் மலைக்கு வருவோம். வில்லியம் கேமரன் இந்தப் பக்கம் நில அளவைக்கு வந்தது 1885-இல். ஆனால் தாப்பாவிலிருந்து வண்டி ஏறும் சாலை 1930-களின் தொடக்கத்தில்தான் மேலே வந்து சேர்ந்தது. போ தோட்டத்தை ஜே.ஏ. ரஸ்ஸல் தொடங்கியது 1929-இல். பாரத் தேயிலை நிறுவனம் 1933-இல். ஆகவே இந்த மலையில் தேயிலைத் தொழிலாளியின் வீடு என்பதற்கு வயது இன்னும் நூறு ஆகவில்லை. "இதெல்லாம் ஒரு பழமையா, மலாக்காவுக்குப் போய்ப் பார்" என்று என்னிடம் சொன்னவர்கள் உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். 2005-ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரியச் சட்டம், அதாவது சட்டம் 645, ஒன்றைத் தேசியப் பாரம்பரியமாக அறிவிக்கும்முன் அமைச்சர் எவற்றைப் பார்க்கலாம் என்று ஒரு பட்டியல் தருகிறது. நாட்டின் வரலாற்றோடு உள்ள தொடர்பு, நல்ல வடிவமைப்பு, தொழில்நுட்பச் சாதனை, சமூக, பண்பாட்டுத் தொடர்பு, மக்களுக்குக் கற்றுத்தரும் வாய்ப்பு, அரிய தன்மை என்று அது போகிறது. வயது என்று தனியாக ஒன்றும் அதில் இல்லை. கடைசிக்குச் சற்று முன்னால் ஒன்று வருகிறது: ஒரு வகையைச் சேர்ந்த பலவற்றுக்கு எடுத்துக்காட்டாக நிற்கும் தன்மை. அதைப் படித்ததும்தான் எனக்கு லயத்துக்கு ஒரு வாசல் திறந்தது போலிருந்தது. லயம் அழகில்லை. அரியதும் இல்லை, நேற்றுவரை எங்கு பார்த்தாலும் அதுதான். ஆனால் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் எப்படி வைக்கப்பட்டிருந்தன என்பதற்கு அதைவிட நேரான சாட்சி வேறு இல்லை.

ஆனால் நடைமுறையில் எது பிழைக்கிறது? தானா ராத்தா பக்கம் வரும் பயணிகள் ஸ்மோக்ஹவுஸ் ஹோட்டல் வாசலில் நின்று படம் எடுக்கிறார்கள். 1937-இல் தொடங்கிய அது, பார்க்க இங்கிலாந்துக் கிராமத்து வீடுபோல இருக்கும். 1967 மார்ச் 26 அன்று பட்டு வியாபாரி ஜிம் தாம்சன் தங்கியிருந்து காணாமல் போன மூன்லைட் பங்களாவைத் தேடிப் போகிறார்கள். ஒருவர் மூன்றே நாள் தங்கிக் காணாமல் போன வீட்டுக்குக் கதை இருக்கிறது. முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்று இறங்கியவரின் வீட்டுக்குக் கதை இல்லை என்று நாமே நினைத்துக்கொள்கிறோம்.

ஏழை வீடு காப்பாற்றப்பட்டதே இல்லை என்று சொல்ல மாட்டேன். பினாங்கில் பி. ரம்லி பிறந்த பலகை வீட்டைப் பலர் பார்த்திருப்பீர்கள். ஆச்சேவிலிருந்து வந்த மாலுமியான அவருடைய தகப்பனார் 1926-இல் தம் சகோதரரோடு சேர்ந்து கட்டிய வீடு அது. இன்று தேசிய ஆவணக் காப்பகத்தின் கவனிப்பில் இருக்கிறது. ஊருக்குப் போகும்போது ராமேஸ்வரம் மசூதித் தெருவில் டாக்டர் அப்துல் கலாம் அவர்களின் வீட்டுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறோம். இரண்டும் எளியவர்களின் வீடுகள்தான். ஆனால் பெரிய பிள்ளை ஒருவர் பிறந்ததால் பிழைத்த வீடுகள். பெரிய பிள்ளை யாரும் பிறக்காத வீட்டுக்கு என்ன வழி என்பதுதான் நம் கேள்வி.

இந்தக் கேள்வியோடு, தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒரு பாட்டியிடம் போனேன். என் கடைக்கு வருகிறவர், பெயர் வேண்டாம். லயத்தைக் காப்பாற்றலாமா என்று கேட்டதும் சிரித்துவிட்டார். "என்ன பாய், படிச்ச புள்ள நீங்க. மழை பேஞ்சா நாலு சட்டி வைப்போம். மக பெரிய மனுஷி ஆனப்ப மறைப்புக்குச் சேலையைக் கட்டி வெச்சேன். அத இடிச்சா மொத கல்ல நான் எடுத்துப் போடுறேன்." எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. நகரத்தில் உட்கார்ந்துகொண்டு பாரம்பரியம் என்று பேசுகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய குரல் இது. அந்த ஈரத்திலும் இருட்டிலும் இருந்தவருக்கு அதை வெறுக்கும் உரிமை முழுதாக உண்டு.

எழுந்து வரப் பார்த்தேன். அப்போது அவரே சொன்னார். "அந்தக் குசினிப் பக்கம் ஒரு சிமெண்டுத் திட்டு இருக்கு பாருங்க, அத மட்டும் இடிக்காம இருந்தா நல்லாருக்கும். எங்க வீட்டுக்காரரு கட்டினது. ஞாயித்துக்கெழமையில, கம்பெனிய கேக்காம கட்டினாரு. கெராணி வந்து சத்தம் போட்டாரு. உங்க தாத்தா கடையிலதான் சிமெண்டு கடனா எடுத்தோம்."

அன்று இரவு முழுக்க அந்தத் திட்டுதான் என் மனத்தில். பொலிடெக்னிக்கில் பழைய கட்டடம் பற்றிப் படிக்கும்போது, முதலில் கட்டியது எது, பின்னால் ஒட்டியது எது என்று பிரிக்கக் கற்றுக்கொடுப்பார்கள். மாளிகை, பங்களா போன்றவற்றில், பின்னால் ஒட்டிய தகரக் கொட்டகையை எடுத்துவிட்டு மூல வடிவத்தைக் காட்டினால் பார்ப்பவர் பாராட்டுவார்கள். அதே கணக்கை லயத்துக்குப் போட்டால் என்ன ஆகும்? மூல வடிவம் என்பது கம்பெனி கொடுத்த பத்துக்குப் பன்னிரண்டு பெட்டி. அதில் குடியிருந்தவர் கை படவே இல்லை. அவர் கை பட்டதெல்லாம் பின்னால் வந்தவை: திட்டு, நீட்டிய குசினி, பால் டின்னைத் தட்டி அடைத்த ஓட்டை, சாமி மாடம், பழைய காலண்டர் அட்டை ஒட்டிய சுவர், குளிருக்காகப் பலகை இடுக்கில் திணித்த சாக்கு. மூல வடிவத்துக்கு மீட்கிறோம் என்று இவற்றை எடுத்தால் மிச்சம் நிற்பது முதலாளியின் சிக்கனம் மட்டும். என் கருத்தில் லயத்து வீட்டில் காக்கத் தகுந்தது ஒட்டு வேலைதான். சொந்தமில்லாத வீட்டைச் சொந்தமாக நினைத்து ஒருவர் செய்த வேலை அது.

இதை நான் மட்டும் சொல்லவில்லை என்பதற்கு ஓர் உதாரணம். இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்தில் தொழிலாளர்களுக்கென்று முதுகோடு முதுகு ஒட்டிய வீடுகளை ஆயிரக்கணக்கில் கட்டினார்கள். நம் லயத்துக்குப் பெரியப்பா முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்று வராது, கக்கூஸும் சலவைக் கொட்டகையும் முற்றத்தில் எல்லோருக்கும் பொது. 1909-இல் அந்த வகை வீடு இனிப் புதிதாகக் கட்டக் கூடாது என்று சட்டமே வந்தது. ஊர் முழுக்க இடித்துத் தள்ளியபின் ஒரே ஒரு முற்றம் மிஞ்சியது. அதைப் பழுதுபார்த்து 2004-இல் நேஷனல் டிரஸ்ட் மக்களுக்குத் திறந்துவிட்டது. எல்லா வீட்டையும் ஒரே காலத்துக்குத் திருப்பவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது. ஒரு வீடு 1840-களில் இருந்தபடி, ஒன்று 1870-களில், ஒன்று 1930-களில். இன்னொன்று ஜார்ஜ் சாண்டர்ஸ் என்ற தையல்காரருடையது. அவர் செயின்ட் கிட்ஸ் தீவிலிருந்து பிழைக்க வந்த கறுப்பினத்தவர். அவருடைய தையல் கடையும் அந்தப் பாரம்பரியத்தில் சேர்ந்தது. வந்தேறி என்று யாரும் அவரைக் கழித்துவிடவில்லை.

நம் இனத்துக்கு நெருக்கமான உதாரணம் இலங்கையில் இருக்கிறது. கம்பளைக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பழைய லயத்தையே தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக 2007-இல் ஆக்கினார்கள். கண்டியிலுள்ள சமூக அபிவிருத்தி நிறுவகம் செய்த வேலை. கோடிக்கணக்கில் செலவழித்த கட்டடம் இல்லை. லயத்து அறைகள், உள்ளே தொழிலாளர் வீடுகளில் புழங்கிய சாமான்கள், வேலைக் கருவிகள், காகிதங்கள். அங்கே இன்னும் பல்லாயிரம் குடும்பங்கள் லயத்தில்தான் இருக்கின்றன, தனிவீடு கேட்டுப் போராடுகின்றன. ஒரு லயத்தை அருங்காட்சியகமாக வைத்ததால் மற்ற லயங்கள் நல்லவை என்று யாரும் சொல்லவில்லை. தனிவீடு ஏன் வேண்டும் என்பதற்கு அந்த அறையே சாட்சி சொல்கிறது.

நேரம் தவறிய கதையும் ஒன்று சொல்ல வேண்டும். 2008 ஜூலை 7 அன்று ஜார்ஜ்டவுனையும் மலாக்காவையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தலங்களாக அறிவித்தது. நாம் எல்லோரும் பெருமைப்பட்டோம், கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் அதற்குள் இருக்கிறதே. மறு வருடமே, 2009-இல், அதே தீவில் கம்போங் புவா பாலா இடிக்கப்பட்டது. மாடு வளர்த்துப் பிழைத்த தமிழ்க் குடும்பங்களின் பழைய கிராமம். அதற்குள் நிலம் கைமாறி, வழக்கு கூட்டரசு நீதிமன்றம்வரை போய்த் தோற்றிருந்தது. அது பாரம்பரியக் கிராமம் என்ற குரல் பலமாகக் கேட்டபோது இயந்திரம் வாசலுக்கு வந்துவிட்டது. குடும்பங்கள் கடைசியில் மாற்று வீடு பற்றிப் பேச வேண்டியதாயிற்று. சரி தவறு பேச நான் வரவில்லை. ஆனால் பாரம்பரியம் என்ற பேச்சை ஆரம்பிக்க வேண்டிய நாள் இடிப்பு நோட்டீஸ் வரும் நாள் இல்லை. சட்டப்படி ஓரிடத்தைப் பதிவு செய்ய நில உரிமையாளருக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும், அவர் ஆட்சேபிக்கலாம், மாநில அரசையும் கேட்க வேண்டும். இதெல்லாம் நிதானமாக நடக்கும் காரியங்கள்.

இப்போது ஒரு ஹார்ட்வேர் கடைக்காரனாகப் பேசுகிறேன். வீட்டின் மதிப்பு வேறு, வீட்டின் நிலை வேறு. மக்கள் இரண்டையும் கலந்துவிடுகிறார்கள். கட்டை உளுத்துப் போனதால் மதிப்பு இல்லை என்கிறார்கள், மதிப்பு இருப்பதால் கட்டை நிற்கும் என்கிறார்கள். இரண்டும் தப்பு. ஒரு ஸ்குரூ டிரைவரை எடுத்துத் தூணின் அடியில், மண்ணுக்கு ஒரு சாண் மேலே, குத்திப் பாருங்கள். பாதி உள்ளே போனால் அந்தத் தூண் போயிற்று. கூரை தகரமா, ஆஸ்பெஸ்டாஸா என்று பாருங்கள். ஆஸ்பெஸ்டாஸ் என்றால் தெரிந்தவர்கள்தான் தொட வேண்டும், பொடி நெஞ்சுக்கு ஆகாது. எல்லாவற்றையும்விட முக்கியம், வீட்டின் பின்னால் உள்ள சரிவு. இந்த மலையில் மண் சரிந்து எத்தனை உயிர் போயிருக்கிறது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சரிவு மோசமாக இருந்தால் எவ்வளவு அருமையான லயமானாலும் அளந்து, படம் எடுத்துக்கொண்டு, விட்டுவிட வேண்டியதுதான்.

வைப்பதானால் ஒற்றை வாசலை மட்டும் வெட்டி வைக்காதீர்கள். ஒரு வாசல் மட்டும் நின்றால் அது கொட்டகைபோலத்தான் தெரியும். குறைந்தது மூன்று நான்கு வாசல், முன்னால் போகும் வடிகால், அந்தப் பொதுக் குழாய், முடிந்தால் ஆயாக் கொட்டகை, இவ்வளவும் சேர்ந்தால்தான் அது லயம். மற்றவை போகட்டும். தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டு வசதித் தரச் சட்டம், சட்டம் 446, 1990-இலேயே வந்துவிட்டது. அந்தத் தரத்துக்கு வராத அறையில் மனிதரைக் குடிவைத்துவிட்டுப் பாரம்பரியம் என்று சொன்னால் அது அநியாயம்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லாமல் போக முடியாது. மிச்சமிருக்கும் பழைய வரிசைகளில் இப்போது இருப்பது யார்? வங்காளதேசத்துக்காரர், நேபாளத்துக்காரர், இந்தோனேசியர். அவர்களில் பலர் வெள்ளிக்கிழமை நம்மோடு ஒரே சஃப்பில் நிற்கிறவர்கள். போர்டு மாட்டும் உற்சாகத்தில் அவர்களைத் தார்ப்பாய்க் கூடாரத்துக்குத் தள்ளிவிடக் கூடாது. முதலில் அவர்களுக்கு நல்ல இடம், பிறகு அருங்காட்சியகம். அவர்கள் சுவரில் ஒட்டிய டாக்கா காலண்டரையும் கிழிக்காமல் வைக்க வேண்டும், தையல்காரர் சாண்டர்ஸ் ஞாபகம் இருக்கட்டும்.

இன்னொரு பயமும் எனக்கு உண்டு. நாளைக்கு யாராவது ஒரு முதலாளி லயத்துக்குப் பெயிண்ட் அடித்து, ஹீட்டர் வைத்து, ஓர் இரவுக்கு நானூறு வெள்ளி என்று போர்டு போட்டுவிடுவார். அதற்கு அந்தப் பாட்டி சொன்னபடி முதல் கல்லை எடுப்பதே மேல்.

நமக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்டார்களே, அந்தக் கேள்விக்கு வருகிறேன். நம் பாட்டன்மார் லயத்தில் குடியிருக்கவில்லை, சரி. ஆனால் லயத்துக்கு அரிசியும் நெத்திலியும் மண்ணெண்ணெயும் போனது யார் கடையிலிருந்து? சம்பளத் தேதிவரை யார் பொறுத்தார்கள்? அந்தக் கணக்கு எதில் இருக்கிறது? சின்ன '555' நோட்டுப் புத்தகத்தில். எங்கள் வீட்டு மாடியில் ஒரு பிஸ்கட் டின் நிறைய இருக்கிறது. பாட்டி சொன்ன சிமெண்டைத் தேடிப் பார்த்தேன், கிடைத்தது. பாட்டனாரின் கையெழுத்தில் லயத்தின் நம்பர், வாசல் நம்பர், பெயர், ஒரு மூட்டை சிமெண்டு, பக்கத்தில் ஐந்து தவணையாக வரவு. கம்பெனி ஆபீசில் கட்டடத்தின் வரைபடம் இருக்கலாம். அந்தத் திட்டு யார் கட்டியது, எந்த வருடம், எத்தனை மாதத்தில் கடன் அடைத்தார் என்பது நம் நோட்டில்தான் இருக்கிறது. ஒரு வீட்டின் சமூகத் தொடர்பை நிரூபிக்கக் காகிதம் கேட்டால் கொடுக்கக்கூடியவர்கள் கடைக்காரர்களான நாம்தான். ஜபாத்தான் வாரிசான் நெகாராவுக்கு எழுதுவதானாலும் தோட்ட நிர்வாகத்திடம் பேசுவதானாலும் கையில் ஏதாவது வேண்டுமே.

அதில் ஓர் எச்சரிக்கை. அடுத்தவர் பட்ட கடன் நம்மிடம் இருக்கும் அமானிதம். பெயரோடு கண்ணாடிப் பெட்டியில் வைத்து ஊருக்குக் காட்டக் கூடாது. அந்தக் குடும்பத்தைத் தேடிப் போய்க் கேட்டு, அவர்கள் சம்மதித்தால் மட்டும் பெயர். இல்லையென்றால் வாசல் நம்பரும் சாமானும் போதும். அடையாமல் நின்ற கணக்கைப் படியெடுக்கவே வேண்டாம். எங்கள் நோட்டில் அப்படி நிற்பவற்றின்மேல் பாட்டனாரே குறுக்குக்கோடு போட்டிருக்கிறார்.

சங்கத்திடம் பெரிய பணம் நான் கேட்கவில்லை. உங்கள் வீட்டில் பழைய 555 நோட்டு, ரசீது, லயம் தெரியும் படம் எது இருந்தாலும் தூக்கிப் போடாமல் செயலாளரிடம் பதிவு செய்யுங்கள். தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி கேட்டுக் கடிதம் எழுதும் பொறுப்பைக் குழு ஏற்றுக்கொண்டிருக்கிறது. அனுமதி கிடைத்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழைக்கு முன்னால், காலையிலேயே போய் அளந்துவிடலாம். டேப், ஏணி, டார்ச் லைட் என் கடையிலிருந்து வரும். எழுதுவதற்குப் பாலிடெக்னிக் பிள்ளைகள் இரண்டு பேரும், எந்த வாசலில் யார் இருந்தார்கள் என்று சொல்ல அந்தப் பாட்டியும் வேண்டும். அவரைக் கேட்டுவிட்டேன். வண்டி அனுப்பினால் வருகிறாராம்.

வஸ்ஸலாம்.